ஒள்ளுப்பம்

பல் கட்டும் மேசையிலேதான் இதையும் அராவுகிறேன்.
பகலில் ஓய்வுபெற்ற அதிபர் கனகரெத்தினத்தின் மேல்வரிசை;
கிளினிக் பூட்டிய பிறகு
அறுபத்திரண்டு மில்லிமீற்றர், இரண்டு இறக்கை, பித்தளை.
ஒரே அரம்.
இரண்டும் கடிக்கத்தான்.
அளவுக்கு மேல் கடித்தால் இரண்டுமே உடையும்.

ஊசிமுனையில் நிறுத்தினால்
கனத்த இறக்கை கீழே சாயும்.
அதில் ஒரு தூசு எடுப்பேன்.
இப்போது மற்றது சாயும்.
ஐப்பசி முழுக்க மழையும் இதுவுமாகப் போனது.

கோட்டமுனையில் யாரும் கேட்டால்
படகு என்று மட்டும் சொல்வேன்.
புல்லுவெட்டியில் கழற்றிய இருபத்தாறு சீசி எஞ்சினுக்கு
பல்தசார் கடைசலில் கால் பிடித்துக் கொடுத்ததையும்,
நாலடிகூட இல்லாத பைபர் ஓட்டின் பின்பலகையில் அதை மாட்டி
ரிமோட்டில் ஓட்டுவதையும் சொல்லப்போனால்
சீட்டுக்காசு பிந்தின காரணத்தையும்
சொல்லவேண்டி வரும்.

கொப்பியில் இருப்பது:
"ஐம்பத்தெட்டு, பிரி கூட. தொடக்கத்தில் மாடு, பிறகு பேய்."
"அறுபத்தைந்து. எஞ்சின் மூச்சு வாங்குகிறது. பிளக் கறுப்பு."
"அறுபத்திரண்டு, நுனி அரை மில்லி வெட்டியது.
பிளக் கோப்பித்தூள் நிறம். நடுக்கம் இல்லை, எனக்குத்தான்."

ஞாயிறு, பாலமீன்மடு.
வியாழன்தான் முகத்துவாரம் வெட்டியிருந்தார்கள்.
வாவி இறங்கி, மண் தெரிந்து,
கடலுக்கு அவசரமாய்ப் போய்க்கொண்டிருந்தது தண்ணீர்.
முஸ்ஸம்மில் காத்தான்குடியிலிருந்து
சாரத்தில் சுற்றிய படகோடும்
தூண்டில் பெட்டி நிறையப் புறொப்பெலரோடும் வந்தான்.
ஒன்றையும் அராவமாட்டான். வாங்குவான்.

என் படகு அலையில் குண்டி தூக்கியது.
இறக்கை காற்றைக் கடித்தது; எஞ்சின் வீரிட்டது.
காலை இரண்டு வாஷர் அளவு இறக்கினேன்.
பெரிய திருகாணியில் கைவைத்தேன்.
"பல்லுக்காரி, மறுகாக் கிறுக்கு," என்றான்,
"ஒள்ளுப்பம். ஒள்ளுப்பம் எண்டா ஒள்ளுப்பம்."
மணிக்கூட்டில் ஐந்து நிமிடம் நகரும் அளவு.
வீரிடல் இறங்கிப் பேச்சாயிற்று.

மூன்றாம் சுற்றில் முந்திக்கொண்டிருந்தது நான்தான்.
இதை எழுதிவைக்க வேண்டும்,
ஏனென்றால் அப்போதுதான் அவன் எஞ்சின் நின்றது,
அவன் இன்றைக்கும் வேறு கதை சொல்கிறான்.

நின்ற படகை நீர் எடுத்தது.
முகத்துவாரம் பக்கமாக, பக்கவாட்டில் கிறுகிக் கிறுகி.
கூப்பிடுகிற தூரத்தில் தோணி ஒன்றும் இல்லை.
முட்டித் தள்ளிப் பார்த்தேன்.
ஐப்பசி மாதத்து என் பித்தளை
நுரையைத்தான் கடைந்தது.
ஓடப் பிறந்தது, தள்ளாது.

கரைக்கு எடுத்தேன்.
அவன் பெட்டியைத் திறந்து நீட்டினான், பேசவில்லை.
நான் முன்பு சிரித்த ஒன்று அதில் இருந்தது:
மூன்று வெற்றிலையைக் காம்போடு ஒட்டியது மாதிரி
அகல அகலமாக, பிரி குறைந்தது.
துளை பொருந்தியது.
நட்டைப் பல்லிடுக்கில் வைத்திருந்தேன், என் சொந்தப் பல்.
திருகாணி அதே பக்கம் இன்னும் ஒள்ளுப்பம்,
பெற்றோல் கூடட்டும், சூடேறாமல் இருக்கட்டும்.

ஆள் நடக்கிற வேகம்தான்.
அவன் படகின் விலாவில் மூக்கை வைத்து
ஒரே குரலில் முனகிக்கொண்டு
ஓட்டத்துக்கு எதிரே,
சிலநேரம் நின்ற இடத்தில்,
சிலநேரம் ஒரு சாண் பின்னுக்கு.
கரையில் நாங்கள் இரண்டுபேரும்
வயிற்றை எக்கித் தள்ளிக்கொண்டு நின்றோம்.
பதினெட்டு நிமிடம்.

கொப்பியில் புதிதாக ஒரு வரி:
"ஐம்பத்தாறு, மூன்று இறக்கை, மு.வினுடையது. வேகம்: இல்லை."
அவன் திருப்பிக் கேட்கவில்லை.
நான் கொடுக்கவும் இல்லை.

திங்கள் காலை அதிபர்
நீலத்தாளைக் கடித்துக் காட்டினார்.
வலது கடைவாயில் ஒரு புள்ளி அழுத்தமாய்.
"உயரமோ, சேர்?"
வாய்க்குள் என் விரல் இருக்க
அவர் சொல்லப் பார்த்த சொல் எனக்குத் தெரியும்.
அரத்தை எடுத்தேன்.